பர்கருக்கு உப்புப் பார்த்த வெள்ளிக்கிழமை

என் கொழுந்தன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். நாங்கள் பூந்தமல்லியில் பர்கர் கடை போட்ட புதிதில், ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கியிருப்பதாக அவனிடமிருந்து தகவல் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பர்கருக்குப் பெயர் கொடுத்த ஊராயிற்றே. ஒன்று வாங்கிச் சாப்பிட்டு, கறிக்குள் என்னென்ன போடுகிறார்கள், வெங்காயம் பொடியா பெரிதா, மிளகு உண்டா என்று விவரமாகச் சொல் என்று போனில் பேசி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் பேசினான்.

"அண்ணி, அத்தெல்லாம் இங்க ஆரும் பெருசா கண்டுக்கல. மீன ரொட்டிக்குள்ள வச்சுக் குடுத்தாங்க. துன்னேன். நல்லாத்தான் கீது."

கூடவே ஒரு படம். நீளமான ரொட்டி, நடுவில் ஊறவைத்த மீன், மேலே வெங்காய வளையம். அடுப்பைப் பார்த்த மீன் மாதிரியே தெரியவில்லை. இவனை நம்பி ஒரு வேலை சொன்னேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கடைக்காரி என்றால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் பர்கரின் பூர்வீகத்தை நானே தேடிப் படித்தேன். அந்த ஊர்க்காரர்கள் செய்தது, கொத்திய மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு பிசைந்து தட்டி வாட்டியது மட்டும்தான் என்கிறார்கள். அதைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். பிழைப்பு தேடி அந்தத் துறைமுகத்தில் கப்பலேறிய சனங்களோடு அதுவும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கேதான் யாரோ அதை எடுத்து ரொட்டிக்கு நடுவில் வைத்தார்கள். யார் வைத்தது என்பதில் அங்கே ஊருக்கு ஊர் இன்றுவரை சண்டை. சந்தையில் விற்றது எங்கள் ஆள் என்கிறது ஒரு ஊர். இல்லை, எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில்தான் முதலில் செய்தார்கள் என்கிறது இன்னொன்று. கறியைப் பிசைந்து வடைபோலத் தட்டியது முதலில் எந்த வீட்டுப் பெண் என்று கேட்டு ஒருவரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் ஷாமி கபாப் தட்டாத பெண் உண்டா? இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைத்த ஆளுக்குத்தான் இவ்வளவு உரிமை கொண்டாடல். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் அந்த ரொட்டிதான் அதை உலகம் சுற்ற வைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டு வேண்டாம், நாற்காலி வேண்டாம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் பையோடு நடக்கலாம். அமெரிக்காவில் ஆலை வாசல்களில் நின்று வண்டிக்காரர்களிடம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் வேலையாட்கள்தானாம். இதைப் படித்தபோது எனக்கு எதிர் வீட்டு அக்காதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருடைய அம்மாவும் அப்பாவும் நசரத்பேட்டைப் பக்கம் நாற்று நட்டவர்கள். அக்கா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். அங்கே புதன்கிழமை என்றால் பர்கர். ஷிப்ட் முடிந்தவர்கள் வரிசையில் வந்து ஆளுக்கொன்று வாங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்குள் தின்று முடித்துவிடுவார்களாம். அத்தனைக்கும் கறி பிசைந்து தட்டியது அக்காவின் கை. பிறகு கேண்டீன் காண்டிராக்டு வேறு ஆளுக்குப் போயிற்று. புது ஆள் ஐஸில் உறைந்த கறி வட்டங்களைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். தட்டுகிற கை தேவையில்லை என்று அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வீட்டை ஒட்டியே லேத் பட்டறை. அதன் முன்புறம் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. வெளியே மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள், தெருவில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். பதினெட்டு வருடமாக எதிரெதிர் வாசலில் கோலமும் கூட்டலுமாக முகம் பார்த்த இரண்டு பேர், அந்தக் கொட்டகையில் இரண்டு தோசைக்கல்லைப் போட்டு உட்கார்ந்தோம். மாட்டுக்கறி வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், ஆட்டுக்கறி வைத்தால் விலை கட்டாது. அதனால் கோழிக் கைமா. காட்டுப்பாக்கம் பேக்கரியில் பன் சொன்னோம். பர்கர் பன்னில் இவ்வளவு இனிப்பு ஆகாது, குறையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பேக்கரிக்காரர், "பன்னுன்னா இனிப்புதாம்மா" என்று முடித்துவிட்டார். சரி என்று கறியில் மிளகைக் கூட்டினோம். அந்த இனிப்பும் காரமும் சேர்ந்து, எங்கள் பர்கர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஆகிப்போனது.

உலகம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஜப்பானில் சோற்றை அழுத்திப் பன்போலச் செய்து நடுவில் கறி வைக்கிறார்களாம். நம் நாட்டில் மாடு ஆகாது என்றவுடன் உருளைக்கிழங்கு மசாலா உள்ளே போய்விட்டது. எந்த ஊர் வாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுக்கொண்டு நடந்துகொள்கிற சாப்பாடு அது. எங்கள் சொந்தத்தில் சிலர் ஹாம்பர்கர் என்ற முழுப்பெயரைக் கேட்டுவிட்டு, ஹாம் என்றால் பன்றி சமாசாரமோ என்று ஒதுங்கினார்கள். அது ஊர்ப் பெயர் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

கடையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கறி பிசைந்ததும் ஒரு கிள்ளு எடுத்துக் கல்லில் வாட்டி உப்புப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்தான் உப்பும் போட வேண்டும், மற்றவர் உப்பு டப்பாவைத் தொடக்கூடாது. சாதாரண நாட்களில் அது என் வேலை. நோன்பு மாதத்தில் பகலில் நான் எதையும் வாயில் வைக்க மாட்டேன், அதனால் அந்த ஒரு மாதம் உப்பு அக்காவுடையது. அக்கா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார். நோன்பு மாத வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாத் தொழுகையை ஒட்டிக் கடைக்கு லீவு விட்டுவிடுவோம். ஆகவே உப்புப் பார்க்க ஆளில்லாத நாள் என்று ஒன்று எங்களுக்கு வந்ததே இல்லை.

அக்காவின் வெள்ளிக்கிழமை சும்மா வந்ததல்ல. நாலு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், பிழைப்பாரா என்று டாக்டரே வாய் திறக்காமல் இருந்தார். அக்கா அம்மன் கோயிலில் நின்று, இந்த மனுசனை எழுப்பி உட்கார வை, ஆயுசுக்கும் வெள்ளிக்கிழமை கவுச்சியை நினைத்தும் பார்க்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். அவர் எழுந்து உட்கார்ந்தார். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார். அந்த மனிதர் மூச்சு விடுவதே தன் வெள்ளிக்கிழமையில்தான் நிற்கிறது என்பது அக்காவின் கணக்கு. அந்த வேண்டுதலைக் கேலி பேச எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எங்கள் கொட்டகை இரண்டு குடும்பத்துக்குப் போதவில்லை. அக்கா காலையில் காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி துடைத்துவிட்டுத்தான் கடைக்கு வருவார். முட்டி இரண்டும் வீங்கியிருக்கும். பெங்களூர் ரோட்டில் ஒரு கல்லூரிக்குள் பர்கருக்கு ஒரு கவுண்டர் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது மனுப் போட்டோம். அது கிடைத்தால் அக்கா மாடிப்படியை விட்டுவிடலாம், முட்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை வருடம் அந்தப் படிகளில் குனிய முடியும் என்று அவருக்கே தெரியவில்லை.

இந்த வருடம் நோன்பு தொடங்கி இரண்டாவது வாரம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அறுபது பர்கர் கொண்டுவர வேண்டும், மூன்று பேர் ருசி பார்த்து அன்றைக்கே முடிவு சொல்வார்கள். எனக்கு அவசர புத்தி. "வந்துடறோம் சார்" என்று சொல்லி வைத்தேன்.

"வெள்ளிக்கெழமயா பாயம்மா?" என்றார் அக்கா. பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட வேறு மாதிரி அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

"விக்கத்தானக்கா போறோம், துன்னவா போறோம்?" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சஹர் சாப்பாட்டை முடித்து, தொழுதுவிட்டு, நாலு கிலோ கைமாவை எடுத்துப் பிசைந்தேன். இன்றைக்கு அக்கா வாயில் வைக்க மாட்டார், அப்படியானால் உப்பு அவருடையதல்ல, என்னுடையதுதான் என்று நினைத்துக் கண்ணளவாக ஒரு கை போட்டேன். கொட்டகையில் மூடி வைத்துவிட்டு, வீட்டில் கொஞ்சம் கண் அசந்தேன். அக்கா அன்று மாடிப்படி வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பாத்திரத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். இது நோன்பு மாதம், ஆகவே உப்பு என்னுடையது என்று அவரும் ஒரு கை போட்டுக் கிளறிவிட்டார். அவரவர் நியாயம் அவரவருக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஒன்பது மணிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டேன்: "உப்பு பாக்க ஆரயாச்சும் கூப்பிடணுமேக்கா. நான் கண்ணால அளந்துதான் போட்டேன்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "நீயா போட்ட? நானும் போட்டுகீறேனே."

இரண்டு பேரும் பாத்திரத்தையே பார்த்தோம். நான் பயந்து கொஞ்சமாகப் போட்டிருக்கலாம், அவரும் அப்படியே செய்திருக்கலாம், இரண்டும் சேர்ந்து சரியாகவே இருக்கலாம். அல்லது வாயில் வைக்க முடியாமல் கரித்துப் போயிருக்கலாம். கூடியிருந்தால் உப்பில்லாத கறியைச் சேர்த்து ஈடுகட்டலாம். எவ்வளவு சேர்ப்பது? வாய் ஒன்று சொன்னால்தான் தெரியும். ஒரு கிள்ளை வாட்டித் தட்டில் வைத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன்.

பள்ளிவாசலை ஒட்டிய தெரு அது. பாதி வீடுகள் எங்கள் வீடுகள், எல்லாரும் நோன்பு. மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பு இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று அதையா கேட்க முடியும்? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். இஸ்திரி போடுகிறவரிடம் போனேன். "வெள்ளிக்கெழமக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தையல் கடை அம்மா வேதக்காரர், அவரிடம் வெள்ளிக்கிழமைப் பிரச்சினை இருக்காது என்று நம்பிக்கையோடு போனால், தவக்காலமாம். ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாதாம். மெட்ரோ தூண் அடியில் வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். சைகையில் கேட்டேன். ஒருவர் பிறந்ததிலிருந்தே மாமிசம் தொடாதவர். மற்றவர் வங்காளத்துக்காரர். சிரித்தபடி, "ரோசா" என்றார், அவரும் நோன்பு. ஆட்டோக்காரர் ஒருவர் தட்டை ஆசையாகத்தான் பார்த்தார். பிறகு, "ஊட்ல தெரிஞ்சா சோறு போட மாட்டாங்கக்கா, ஆள வுடு" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

உலகம் முழுவதும் ஜெயித்த சாப்பாடு என்று படித்தேனே, அது எங்கள் தெருவில் ஒரு வாய் கிடைக்காமல் தட்டோடு திரும்பி வந்தது. வழியில் பூனை ஒன்று குறுக்கே வந்தது. ஒரு துணுக்கு போட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டது, ஆனால் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் இருக்கிறாரே என்று பார்த்தால், அவருக்கு டாக்டர் உப்பையே நிறுத்தி நாலு வருடமாகிறது. அவர் நாக்குக்கு எதை வைத்தாலும் கரிக்கும்.

நான் கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஜும்மாவுக்குக் குளிக்க வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துண்டைத் தோளில் போட்டபடி அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"நுனி நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிடேன். தொண்டைக்குள்ள எறங்காம இருந்தா சரி. சமைக்கிறவங்களுக்கு அது கூடும்னு பள்ளிவாசல் அஜரத்தே சொல்லிகீறாரே."

அவர் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் பத்து வயதில் நோன்பு பிடிக்கத் தொடங்கியதிலிருந்து நான் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. முப்பது நாளும் நாக்கில் வைக்காமலே சமைத்து, சாயங்காலம் நோன்பு திறக்கும் இஃப்தாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லக் கேட்பது எனக்கு ஒரு பெருமை. பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் வீம்பு. எச்சில் தப்பித் தவறி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவர் குளிக்கப் போய்விட்டார். மணி பத்தைத் தாண்டியது.

அக்கா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்தார். என் கையிலிருந்த தட்டில் ஆறிப்போன துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன சொல்லப்போகிறாரோ என்று. அந்த நேரத்தில் என் மனசில் இருந்தது உப்பு மட்டும்தான். அதை எழுதாமல் விட்டால் நான் எழுதுகிற மற்றதெல்லாம் பொய்.

"கூடத்தான் கீது. இன்னும் ஒன்றர கிலோ கறி சேத்தா சரியாவும்" என்றார். குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். ரொம்ப நேரம் கொப்பளித்தார்.

என் வீட்டுக்காரர் ஈரத்தலையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கறி வாங்கி வந்தார். பிசைந்து, தட்டி, வாட்டி, பன்னில் அடுக்கிக் கிளம்பினோம். கல்லூரியில் எங்களுக்காகக் காத்திருந்த மூன்று பேரில் இரண்டு பேர், "இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா, நாங்க சாப்பிட மாட்டோம்" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாளைக் குறித்துக் கொடுத்தது யார் என்று கேட்டிருப்பேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். மூன்றாவது ஆளும் விடுதிப் பிள்ளைகள் சிலரும்தான் சாப்பிட்டார்கள். சாப்பிடாத இருவரில் ஒருவர், இது அமெரிக்காக்காரன் சாப்பாடுதானே, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்றார். ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது, பிழைக்கப் போன சனங்களோடு போனது, போன இடத்திலெல்லாம் அந்தந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது, இதில் மிளகும் புதினாவும் எங்கள் கைப்பதம் என்று நான் ஒரு பாடம் எடுத்தேன். பிள்ளைகள் இரண்டாவது கேட்டு வாங்கினார்கள். திங்கட்கிழமை முதல் கடை போடலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வருகிற வழியில் ஷேர் ஆட்டோவில் அக்கா சிரித்தார். மாடிப்படி வேலைக்கு இந்த மாதத்தோடு சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த மாதம் தெருவில் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை? மெட்ரோ புழுதி, வெயில் ஆரம்பம், வீட்டுக்கு வீடு இருமல். அதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் எதிர் வீட்டிலிருந்து அவர் முனகுவது கேட்டபோது, வெள்ளிக்கிழமை அக்கா வாயில் போட்ட அந்தத் துண்டுதான் என் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை அக்கா கல்லூரிக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். முதல் நாள் கூட்டத்தை நான் தனியாகச் சமாளித்தேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறது என்றார்கள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு எதிர் வாசலைப் பார்ப்பேன்? என் தொழுகையில் என் பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. யா அல்லா, அந்த மனுசனை எழுப்பிவிடு என்று மூன்று நாள் அதையே கேட்டேன்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை காய்ச்சல் விட்டது. வியாழக்கிழமை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, எப்போதும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று மத்தியானம் கல்லூரியில் கூட்டம் ஓய்ந்த பிறகு, அக்காவும் நானும் மறுநாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் நாக்குல வச்சுத் துப்பியிருக்கலாம். எங்க மார்க்கத்துல எடம் கீது. உனுக்குத்தான் எடமில்ல. தெரிஞ்சும் நான் சும்மா நின்னுட்டேன்."

அக்கா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். உங்க ஊட்டுக்காரரு சொல்லசொல்லோ நான் வாசல்லதான நின்னுகினு இருந்தேன்."

"அப்புறம் ஏன்கா துன்ன?"

"நீ அந்தத் தட்டயே பாத்துகினு நின்ன. உனுக்கு மனசு வர்ல. எனுக்கும்தான் வர்ல. ஆராச்சும் ஒருத்தி துன்னணுமில்ல பாயம்மா."

இன்னொரு வெங்காயத்தை எடுத்தபடி மேலே சொன்னார். "காய்ச்சலு வந்தப்ப உன்ன திட்டுனேன். மனசுக்குள்ளதான். நல்லா திட்டுனேன். இப்ப இல்ல."

நான் அழுதேன். வெங்காயம் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆனால் கல்லூரிக் கவுண்டருக்கு லீவு விட வழியில்லை. கவுண்டருக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள், சுவரோரம் ஒரு தொட்டியும் குழாயும். பதினோரு மணிக்குக் கறி பிசைந்து முடித்தோம். உப்பு டப்பாவை நான் எடுத்தேன், அக்கா தடுக்கவில்லை. ஒரு கிள்ளு எடுத்துக் கல்லில் வாட்டினேன். நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்த நோன்பில் முதல் முறை. வாயில் எச்சில் ஊறியது, அதுவே பயமாக இருந்தது. சூடு ஆறட்டும் என்று ஊதிக்கொண்டே நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன்.

அக்கா அடுப்பைத் தணித்தார். "நான் பாக்கல பாயம்மா" என்று எதிர்ச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். நான் நுனி நாக்கில் வைத்து, துப்பி, மூன்று முறை கொப்பளித்து, குழாயை மூடுகிற சத்தம் கேட்கும்வரை அவர் திரும்பவே இல்லை.